போகுமிடம் எழுதிய கொப்பி

சிரித்துவிடாதே. கீழே பார். செருப்பைப் பார். இவன் கேட்டது சாதாரணமான கேள்வி, இந்த வீதியால் வருகிற எல்லோரிடமும் கேட்பது. போன வருடம் வரைக்கும் இதைக் கேட்டதும் உனக்கு நாக்கு உலர்ந்துபோகும். இன்றைக்கு மட்டும் என்ன வந்தது? இந்த இரும்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட பருத்திக் கோட்டும் கம்பளிக் கையுறையும் மாட்டிவிட்டால் இவன் சீனத்து விடுதி வாசல் ஜூ ஆயியைப் போலவே இருப்பான் என்று யார் உன்னை நினைக்கச் சொன்னது?

கண்ணகை செருப்பைப் பார்த்தாள். சிப்பாய் முதலில் சிங்களத்தில் கேட்டிருந்தான். இப்போது தனக்குத் தெரிந்த தமிழில் இன்னொருமுறை கேட்டான். எங்கே போகிறாய்?

பெரியகல்லாற்றுக்கு, வீட்டுக்கு என்று சொல்லி அடையாள அட்டையை நீட்டினாள். சிரிப்பு உள்ளுக்குள் போய்விட்டது. ஆனால் அவன் பையைத் திறந்து மூன்று கொப்பிகளை வெளியே எடுத்தபோது அது வேறு வழியால் திரும்பி வந்தது.

அது 1998 ஆகஸ்ட். கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸை மட்டக்களப்பு நகருக்கு முன்னால் சென்றியில், இராணுவக் காவலரணில், நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பைகளோடு வரிசையில் விட்டிருந்தார்கள். சிப்பாய் முதல் கொப்பியை விரித்தான். பக்கம் பக்கமாகச் சீன எழுத்து. ஒவ்வொரு பந்திக்கும் மேலே திகதி மட்டும் அவனுக்கு விளங்கும் இலக்கத்தில் இருந்தது. அவன் முகம் மாறியது. தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

வந்தவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. இது என்ன எழுத்து என்று கேட்டார். சீனம் என்றாள். மீன், இறால் வளர்ப்புப் படிக்கப் போயிருக்கிறேன், புலமைப்பரிசில், முதல் வருடம் மொழி மட்டும்தான், இப்போது விடுமுறை என்று சொல்லி அதற்கான கடிதத்தையும் காட்டினாள். அவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கொப்பிக்கே வந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, வாசித்துக் கருத்துச் சொல் என்றார்.

அவள் சீனத்தில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். ‘ஒக்டோபர் பதினான்கு. நான் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு இரண்டாம் கட்டடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வருவேன்.’

அவர் பத்துப் பக்கம் தள்ளி விரலை வைத்தார். ‘நவம்பர் மூன்று. நான் தபாற்கந்தோருக்குப் போகிறேன். அம்மாவுக்குக் கடிதம் போட வேண்டும். பெரிய வாசலால் போய்ச் சின்ன வாசலால் வருவேன்.’

இரண்டாம் கொப்பியின் நடுவில் வைத்தார். ‘நான் சந்தைக்குப் போகிறேன். காய்ந்த மிளகாய் வாங்க வேண்டும். என்னோடு யாரும் வரவில்லை. மழை பெய்தால் பிந்துவேன்.’

அவளுக்குப் பின்னால் நின்ற காத்தான்குடித் துணி வியாபாரி ஒருவர் மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமலே கேட்டார்.

“சீனத்திலயும் சென்றியா மகள்?”

முதலில் அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததால் சிப்பாயும் சிரித்தான். வரிசை முழுவதும் மெல்ல அசைந்து சிரித்தது. கண்ணகைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த இடத்தில் நின்று இப்படிச் சிரிக்க முடியும் என்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை.

கொப்பிகளைத் திருப்பித் தந்தபோது ஒன்றுக்குள்ளிருந்து அம்மாவின் கடிதம் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள். நாலே வரி. லீவுக்கு வராதே மகள். படிச்சு முடிச்சாலும் வராதே. அங்கேயே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு இரு. நான் சுகம்.

அந்தக் கடிதத்தை மீறித்தான் வந்துகொண்டிருந்தாள். ஆறு கிழமை அம்மாவோடு இருக்கலாம். திரும்பிப் போகும்போது அம்மாவின் வாயால் ‘வா’ என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தூரம்.

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது வாவி இரண்டு பக்கமும் வெயிலில் விரிந்து கிடந்தது. கண்ணகை கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வருடத்துக்கு முன் சீனாவில் வூசி என்ற ஊரில் போய் இறங்கியபோது அவளிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. வருட முடிவில் மொழிப் பரீட்சையில் தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. ஆசிரியை ஒரு சத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சொல்லிக் காட்டுவார். மற்றவர்கள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். கண்ணகை உதட்டை மட்டும் அசைப்பாள். தவறாகச் சொல்லிவிடுவோம் என்ற பயம் என்று ஆசிரியை நினைத்தார். அது அல்ல. யாருக்குமே தேவைப்படாத ஒரு வசனத்தை, மேசை மேல் புத்தகம் இருக்கிறது என்ற வசனத்தை, சத்தமாகச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவள் வளர்ந்த வருடங்களில் ஊரில் சத்தமாகப் பேசியவர்கள் குறைவு.

மூன்றாம் நாள் வகுப்பில் படித்தது, ‘எங்கே போகிறாய்?’ நாலாம் நாள் காலையில் விடுதி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் அதே கேள்வியைக் கேட்டாள். ஐம்பது வயதிருக்கும். மடியில் பின்னல் ஊசிகள். நிமிர்ந்து நேராகக் கண்ணகையின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டு நிற்பவரை அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் நடக்காது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ‘எவ்வளவு தூரம்?’ என்று பக்கவாட்டில் கேட்பார்கள். இந்தா, இதில போயிட்டு வாறன் என்று பக்கவாட்டில் பதில் வரும். நேருக்கு நேர் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்கும் இடம் ஒன்றுதான் உண்டு. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணகைக்குப் பத்து வயதிலிருந்து தெரியும்.

பையைக் கீழே வைத்தாள். அடையாள அட்டையை எடுத்தாள். இரண்டு கைகளாலும் மேசையில் வைத்தாள். ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, தனக்குத் தெரிந்த பதினைந்து சொற்களுக்குள் தேடி, வகுப்பு, இரண்டு, பன்னிரண்டு மணி, வருவேன் என்றாள்.

அந்தப் பெண் அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். புகைப்படத்தைப் பார்த்தாள். கண்ணகையைப் பார்த்தாள். படத்தில் நீ மெலிந்திருக்கிறாய் என்பதைக் கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை அள்ளிக் கண்ணகையின் கையில் கொட்டினாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவசியமான பதில் என்பதால் கண்ணகை பின்னேரங்களில் அகராதியோடு உட்கார்ந்து மறுநாளைக்குரியதை எழுதிவைக்கத் தொடங்கினாள். போகும் இடம், போகும் வழி, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன். இதில் பொய் சொல்ல முடியாது. அரைகுறையாகவும் விட முடியாது. மழை என்றால் மழைக்குரிய சொல் வேண்டும். சப்பாத்துத் தைக்கப் போனால் சப்பாத்துக்கும் ஊசிக்கும் சொல் வேண்டும். காலையில் அவள் ஒப்புவிப்பாள். அந்தப் பெண் ஊசிகளை நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பாள். சத்தம் பிழைத்தால் மட்டும் திருத்துவாள். பிறகு சூரியகாந்தி விதை.

அவளை எல்லோரும் ஜூ ஆயி என்றார்கள். ஆயி என்றால் என்ன உறவு என்று வகுப்பில் கண்ணகை கேட்டாள். அவள் வகுப்பில் கேட்ட முதல் கேள்வி அதுதான். தாயின் சகோதரி என்றார் ஆசிரியை. தகப்பனின் சகோதரிக்கு வேறு சொல் இருக்கிறது. கண்ணகைக்கு மனம் குளிர்ந்தது. தாய்வழிக் குடியையே பார்க்கும் ஊரில் பிறந்தவளுக்கு மாமியும் சின்னம்மாவும் ஒன்றல்ல. மாமி வேறு குடி. சின்னம்மா சொந்தக் குடி.

பின்னேரம் திரும்பி வரும்போது ஜூ ஆயி இன்னொன்று சொல்வாள். ஹுய்லாய் லா. திரும்பி வந்துவிட்டாய். அவ்வளவுதான். வந்துவிட்டவளைப் பார்த்து வந்துவிட்டாய் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? ஆனால் கண்ணகை அந்த இரண்டு சொல்லுக்காகச் சில நாள் கால்மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறாள்.

மார்கழி மாதத்தில் விஷயம் வெளிப்பட்டது. படியில் அவளுக்கு முன்னால் போன சீனப் பெண்ணிடம் ஜூ ஆயி அதே கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் நிற்காமலே ‘வெளியே’ என்றாள். ஜூ ஆயி தலை நிமிரவும் இல்லை. அடுத்தவள் பதிலே சொல்லவில்லை. அறைத்தோழியான நேபாளப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். அது கேள்வியே அல்ல. வணக்கம் மாதிரி. யாருக்கும் பதில் தேவையில்லை. மூன்று மாதமாக நீ அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டா போய் வருகிறாய்?

அடுத்த நாள் கண்ணகைக்கு முகம் காட்ட வெட்கமாயிருந்தது. ஜூ ஆயி கேட்டபோது ‘வெளியே’ என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். முற்றத்தின் பாதியைக் கடப்பதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். ஜூ ஆயி நூல்பந்து இழுபட ஓடி வந்துகொண்டிருந்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டாள். பிறகு, கோபமாகவே, வெளியே என்றால் எங்கே என்று கேட்டாள். இந்த முறை அது கேள்விதான். காலையில் நீ சொல்வதைக் கேட்டுத்தானே நான் நாளைத் தொடங்குகிறேன், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், இன்றைக்கு என்ன சொல்வது என்றாள். அவ்வளவு நீளமான பேச்சைக் கண்ணகை முழுவதும் விளங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. குளிரில் நின்று அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள்.

பஸ் களுதாவளையைத் தாண்டியிருந்தது. கண்ணகை கொப்பிகளைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டாள். இறங்குவதற்கு இன்னும் நேரமிருந்தது.

அம்மா சின்னத்தங்கம் கிணற்றடியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். வேலிப் படலைச் சத்தத்துக்குத் திரும்பியவள் அப்படியே இருந்தாள். எழவில்லை.

“ஏன் வந்தாய்?” என்றாள்.

சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு கை இறாலைச் சட்டிக்குள் அள்ளிப் போட்டாள். கண்ணகைக்கு அது போதுமாயிருந்தது. ‘வா’ என்ற சொல்லுக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.

அந்த ஆறு கிழமையும் வீட்டில் சிரிப்பாகவே இருந்தது. பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை வேலை முடித்ததும் வந்து குந்திவிடுவாள். சீனக் கதை கேட்க வேண்டும். வாசல் கதையை நாலு தடவை சொல்லவைத்தாள். சொல்வது போதாது, எழும்பி நின்று பையை வைத்து, அட்டையை இரண்டு கையாலும் நீட்டிக் காட்ட வேண்டும். அம்மா முதலில் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை, கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டும் இடத்தில், அம்மாவின் தோள் குலுங்குவதைக் கண்ணகை கண்டாள்.

அந்த மனுசிக்குக் கலியாண வயதில் மகன் இல்லையா என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள். இருக்கிறான் என்றாள் கண்ணகை. பிறகென்ன, முடிச்சுவிடலாமே.

“அது எப்பிடி மாமி? ஆயி எண்டா தாயிட தங்கச்சி. நம்மட குடி. அவன் எனக்கு அண்ணன் முறை.”

“பாருங்க கா இவள, சீனத்திலயும் போய்க் குடி பாத்திருக்கிறாள்,” என்று சீதேவிப்பிள்ளை அம்மாவின் தொடையில் தட்டினாள். அம்மா ‘நம்மட குடி’ என்ற சொல்லை எடுத்து எங்கோ வைத்துக்கொண்டவள் போல இருந்தாள்.

சீனர்களின் வருடப் பிறப்புக்கு ஜூ ஆயி தன் அக்காவின் ஊருக்கு அழைத்துப்போன கதையும் சொன்னாள். பெரிய ஏரி. மறுகரை தெரியாது. உப்பில்லாத தண்ணீர், வற்றுப் பெருக்கும் இல்லை, ஆனால் இறால் பிடிக்கும் பெண்கள் குந்தியிருந்து தரம் பிரிக்கும் விதமும், சின்னதையும் பெரியதையும் வீசும் விதமும் பெரியகல்லாறேதான். கண்ணகையும் குந்திவிட்டாள். கை தானாகத் தரம் பிரித்தது. கை வேலை செய்ய வாய் திறந்துகொண்டது. வலைக்கு, வலையின் மடிக்கு, இறால் ஓட்டுக்கு, நண்டின் காலுக்கு என்று அந்த மூன்று நாளில் படித்த சொல்தான் இரண்டாம் கொப்பியில் பாதி.

வருடப் பிறப்பன்று அடுப்பில் அரிசிமா உருண்டைகள் வெந்துகொண்டிருந்தன. கண்ணகையை அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு எல்லோரும் வாசலில் சிவப்புக் கடதாசி ஒட்டப் போயிருந்தார்கள். பானை பொங்கி வழிந்தது. வழிந்தால் அங்கே அடுப்பைக் குறைப்பார்கள். கண்ணகை நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். யோசித்துச் செய்ததல்ல. பானை பொங்குகிறது, பெண் பக்கத்தில் நிற்கிறாள், வேறு என்ன செய்வது?

“ஓடி வந்தாங்களா?” என்றாள் சீதேவிப்பிள்ளை.

ஓடி வந்தார்கள். ஜூ ஆயி பசைக் கிண்ணத்தோடு வந்தாள். சுட்டுக்கொண்டாயா, எங்கே என்று கையைப் பிடித்துப் பார்த்தார்கள். கண்ணகை தனக்கிருந்த சீனம் முழுவதையும் கூட்டி, பானை பொங்கினால் நல்லது, நல்லதென்றால் எங்கள் பெண்கள் இப்படிச் செய்வார்கள் என்றாள். எல்லோரும் பானையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஜூ ஆயியின் அக்கா நெருப்பைக் கூட்டிவிட்டாள். பானை இன்னொருமுறை பொங்கியது. இன்னொருமுறை போடு என்றார்கள். அன்று மாலைக்குள் அந்த வீட்டுப் பெண்கள் ஆறு பேரும் குரவை பழகிவிட்டார்கள். ஜூ ஆயிக்குத்தான் நாக்கு சுழலவே இல்லை. நான் நாலு மாதம் உனக்குச் சத்தம் திருத்தினேன், இப்போது நீ எனக்குத் திருத்து என்றாளாம்.

சீதேவிப்பிள்ளை அந்த இடத்திலேயே எழும்பிக் குரவை போட்டாள். அம்மா, எட்டு வருடமாகக் கோயிலுக்குப் போனாலும் வாயைத் திறக்காத அம்மா, சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஒரு குரவை போட்டாள். கண்ணகைக்கு அது கேட்டது.

பரீட்சையில் அவளுக்குத்தான் பேச்சுக்கு முதலிடம் என்பதைக் கடைசியாகச் சொன்னாள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லாததால் சீதேவிப்பிள்ளை எழும்பிப் போய்விட்டாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் அம்மாவும் அவளும் வாவிக் கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா மெல்லக் கேட்டாள். அந்த மனுசி இன்னும் வாசலில் இருப்பாவா? இருப்பா என்றாள் கண்ணகை. நீ பிந்தினால் பார்த்துக்கொண்டிருப்பாவா? ஓம். வந்திட்டாய் எண்டு சொல்லுவா? ஓம்.

“அப்ப எனக்கு ஒரு உதவி செய் மனே,” என்றாள் அம்மா. “நாளைக்குப் படலையில நிண்டு, போறன் எண்டு சொல்லிட்டுப் போ.”

கண்ணகை வலையைப் பிடித்தபடி நின்றாள். எங்கள் ஊரில் ‘போறன்’ என்று சொல்லிவிட்டு யாரும் போவதில்லை. கடைக்குப் போகும் பிள்ளையும் ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்லும். மறந்து சொன்னால் நாலு பேர் திருத்துவார்கள்.

“உன்ட அண்ணன் போயிட்டு வாறன் எண்டுதான் சொன்னவன். நான் ஓம் எண்டன். எட்டு வருசம் அந்தச் சொல்லுக்குக் காவலிருக்கிறன். படலைச் சத்தம் கேட்டா இப்பவும் நெஞ்சு எழும்புது. இன்னொரு சொல்லுக்குக் காவலிருக்க எனக்கு ஏலாது.” அம்மா வலையின் நுனியை இழுத்து விரித்தாள். “அந்த மனுசி நம்மட குடி எண்டாய். தாயிட தங்கச்சி தாய்தானே. உன்னை அவவிட்டக் குடுத்திட்டன். அவ பாத்துக்கொண்டிருக்கட்டும். நீ போறன் எண்டு சொன்னா நான் நித்திரை கொள்ளுவன்.”

அண்ணன் அருமைநாயகம் தொண்ணூறில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பின்போது போய்த் திரும்பாதவன். அவன் பெயரை அம்மா அன்றும் சொல்லவில்லை.

அம்மா கேட்டது நியாயம் என்றே கண்ணகைக்கு முதலில் பட்டது. ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் அம்மாவுக்கு நித்திரை வருமென்றால் சொல்லிவிட்டால் என்ன? பிறகு விடியும்வரை புரண்டு யோசித்ததில் வேறொன்று தெரிந்தது. நான் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று ஒருத்திக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால்தான் எனக்கு அந்தப் பாஷை வந்தது. வழி பார்த்திருக்க யாரும் இல்லாத ஒருத்திக்குப் பாஷை எதற்கு? ஜூ ஆயியிடம் போகும்போதெல்லாம் ஒப்புவித்தேன். அம்மாவிடம் மட்டும் ஒப்புவிக்காமலே போயிருக்கிறேன். போயிட்டு வாறன் என்ற இரண்டு சொல்லை வாசலில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அண்ணனும் அப்படித்தான். எங்கே, எந்த வழியால், எத்தனை மணிக்கு என்று அவனும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அம்மாவிடம் ‘வா’ என்ற சொல்லைக் கேட்பதற்கு முன் நான் ஒப்புவிக்க வேண்டும்.

காலையில் சீதேவிப்பிள்ளை வீதிக்கரையில் பஸ்ஸுக்குக் காவல் நின்றாள். அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் கழுவி, தலை வாரி, ஒரு காரியத்துக்கு ஆயத்தமானவள் போல.

“சொல்லு மனே,” என்றாள்.

கண்ணகை பையைக் கீழே வைத்தாள். அடையாள அட்டையை எடுத்தாள். இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினாள். அம்மாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

கண்ணகை ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

“சீனாவுக்குப் போறன் அம்மா. கொழும்பால போறன். என்னோட ஆரும் வரல்ல. நாலு வருசம் படிப்பு. ஒவ்வொரு ஆவணிக்கும் வருவன். மழை பெஞ்சா பிந்துவன். இந்தப் படலையாலதான் வருவன்.”

வீதிக்கரையிலிருந்து சீதேவிப்பிள்ளை கூப்பிட்டாள். கண்ணகை அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு பையைத் தூக்கினாள்.

“போயிட்டு வாறன்,” என்றாள், மெதுவாக, மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போகும்போது சொல்கிற அதே குரலில்.